அலுவலகக் கணினியிலிருந்தே பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் வழி உண்டா? மறுமுனையில் எங்கள் பழைய எண்ணே தெரிய வேண்டும்

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

அனைவருக்கும் வணக்கம். சங்ககிரியில் எங்கள் குடும்பத்தார் நடத்தும் லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கையும் வாடிக்கையாளர்களோடு பேசும் பொறுப்பையும் நான் பார்த்து வருகிறேன். அலுவலகத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு கைபேசி எண். மாமனார் தொழில் தொடங்கிய காலத்தில் வாங்கிய அந்த எண்தான் வண்டிகளின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பில் புத்தகத்திலும், ஆண்டுதோறும் நாங்கள் கொடுக்கும் நாள்காட்டியிலும் அதுவே அச்சாகிறது. நாக்பூரிலோ இந்தூரிலோ சரக்கை இறக்கிவிட்டு ரிட்டன் லோடுக்குக் காத்திருக்கும் ஓட்டுநர் அந்த எண்ணைக் கண்டால்தான் எடுக்கிறார். வேறு எண்ணிலிருந்து அழைத்தால், கடன் தருகிறோம் என்று சொல்பவர்களோ மோசடிக்காரர்களோ என்று நினைத்து விட்டுவிடுகிறார்.

வேலை முழுவதும் கணினியில் நடக்கிறது. பேச்சும் செய்தியும் மட்டும் கைபேசியில் நடக்கின்றன. ஒவ்வொரு லோடுக்கும் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) எண், வண்டி எண், ஓட்டுநரின் எண், இறக்க வேண்டிய குடோனின் முகவரி ஆகியவற்றைக் கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துக் கைபேசியில் விரலால் தட்டி அனுப்புகிறேன். இ-வே பில் எண் மட்டுமே 12 இலக்கம். அதில் ஓர் இலக்கம் மாறினாலும் சோதனையில் வண்டி நிற்கும். ஓட்டுநர்களில் பலர் இன்னும் பொத்தான் கைபேசிதான் வைத்திருக்கிறார்கள் என்பதால், வாட்ஸ்அப் ஒன்றை மட்டும் நம்பி இந்த வேலையை நடத்த முடியாது.

கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. கைபேசி இரண்டு சிம் போடக்கூடிய ஆண்ட்ராய்டு. இணைய இணைப்புக்குக் குறையில்லை. கணினித் திரையில் இருக்கும் எண்ணை அப்படியே நகலெடுத்துச் செய்தியில் ஒட்டி அனுப்பவும், ஹெட்செட் மாட்டிக்கொண்டு விசைப்பலகையிலிருந்து கை எடுக்காமல் பேசவும் எனக்கு வழி வேண்டும். இணையத்தில் தேடினால் வெளிநாட்டு எண் தருகிற சேவைகளே அதிகம் கண்ணில் படுகின்றன. அவை எனக்குப் பயன்படா. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

அக்கா, எங்கள் பின்னலாடைத் தொழிலிலும் இதே சிக்கல்தான். நிட்டிங், டையிங், காம்பேக்டிங் என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் காலை முழுவதும் பேசிக்கொண்டே ஆர்டர் ஷீட்டில் கிலோக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் நீங்கள் கேட்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். உங்களுக்கு ஏற்ற வழியில் கணினி யாரையும் அழைப்பதில்லை. அழைப்பது கைபேசியில் இருக்கும் உங்கள் சிம்தான். சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருந்தபடி ஸ்டார்ட்டரை அழுத்தினால் கிணற்று மோட்டார் ஓடுவதைப் போல, கணினியில் நீங்கள் எண்ணை அழுத்தினால் மேசை மேல் இருக்கும் கைபேசி அழைக்கிறது. ஆகவே மறுமுனையில் உங்கள் பழைய எண்ணே தெரியும்; கட்டணமும் நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் ரீசார்ஜிலேயே அடங்கிவிடும்.

குறுஞ்செய்திக்கு மிக எளிய வழி கூகுள் மெசேஜஸ். கைபேசியில் குறுஞ்செய்திக்கான இயல்புச் செயலியாக அது இருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. கணினியின் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு கியூஆர் குறியீடு தெரியும். கைபேசிச் செயலியின் பட்டியலில் சாதனத்தை இணைக்கும் பகுதிக்குப் போய் அந்தக் குறியீட்டைப் படம் பிடித்தால் உங்கள் உரையாடல்கள் அனைத்தும் கணினியில் விரியும். அதன் பின் இ-வே பில் எண்ணை நகலெடுத்து ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். கைபேசி உயிரோடும் இணைய இணைப்போடும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டியதில்லை.

அழைப்புக்கு மைக்ரோசாஃப்டின் ஃபோன் லிங்க். 2018இல் யுவர் ஃபோன் என்ற பெயரில் வந்து, 2022இல் இந்தப் பெயருக்கு மாறியது. விண்டோஸ் 11இல் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். கைபேசியில் லிங்க் டு விண்டோஸ் என்ற செயலி வேண்டும். சாம்சங் கைபேசிகள் பலவற்றில் அது முன்பே இருக்கும், மற்றவற்றில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். குறுஞ்செய்தியும் அதிலேயே வரும் என்றாலும், அண்மைக்காலச் செய்திகளை மட்டுமே அது காட்டுகிறது என்பதால், பழைய செய்திகளைத் தேட வேண்டிய உங்களைப் போன்றோருக்கு நான் கூகுள் மெசேஜஸையே பரிந்துரைப்பேன். அழைப்பின் குரல் புளூடூத் வழியாகவே கணினிக்கு வருகிறது. உங்கள் கணினியில் புளூடூத் உண்டா என்பதை முதலில் பாருங்கள். மடிக்கணினிகளில் இருக்கும், மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இராது. இல்லையென்றால் யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டர் போதும்.

இரண்டு சிம் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழைப்புக்கும் செய்திக்கும் எந்தச் சிம் என்பதைக் கைபேசியின் அமைப்பில் நிலையாகக் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வைத்திருந்தால், கணினியில் அழுத்திய பின்னும் கைபேசித் திரையைத் தொட வேண்டிவரும்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒரு குறிப்பு. மேக் கணினி இருந்தால் தனிச் செயலி எதுவும் வேண்டாம்; 2014இல் வந்த இயங்குதளங்களான ஐஃபோனின் ஐஓஎஸ் 8, மேக்கின் யோசமிட்டி காலத்திலிருந்தே ஐஃபோனின் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் மேக்கில் பெறலாம். இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும், அழைப்புக்கு ஒரே வைஃபையிலும் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 கணினியோடும் 2023 முதல் ஃபோன் லிங்க் வழியாக ஐஃபோனை இணைக்கலாம். ஆனால் குழுச் செய்திகள் அதில் இல்லை.

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

திருப்பூர்த் தம்பிக்கு மிக்க நன்றி. குறுஞ்செய்தி நீங்கள் சொன்னபடியே உடனே இணைந்துவிட்டது. இன்று காலை கிளம்பிய வண்டிகள் அனைத்துக்கும் விவரங்களைக் கணினியிலிருந்தே அனுப்பினேன். எண்ணை ஒட்டி அனுப்பும்போது மனத்துக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதைச் சொல்லி முடியாது.

அழைப்பில்தான் ஒரு தடை. புளூடூத் அடாப்டர் வாங்கிச் செருகி இணைத்துவிட்டேன். ஃபோன் லிங்கில் எண்ணை அழுத்தினால் கைபேசியிலிருந்து அழைப்பு போகிறது. எதிர்முனையில் எடுக்கிறார்கள் என்பதும் திரையில் தெரிகிறது. ஆனால் என் ஹெட்செட்டில் ஒன்றும் கேட்பதில்லை, நான் பேசுவதும் அவர்களுக்குக் கேட்பதில்லை. சில நேரம் நன்றாகப் பேச முடிகிறது, சில நேரம் இப்படி ஆகிறது என்பதுதான் குழப்பமாக இருக்கிறது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

உங்கள் மாமனார் புளூடூத் நெக்பேண்ட் ஏதாவது அதே கைபேசியோடு பயன்படுத்துகிறாரா, அல்லது காரில் இணைத்திருக்கிறாரா என்று பாருங்கள் அக்கா.

அழைப்பு நேரத்தில் கணினி ஒரு ஹெட்செட்டாகத்தான் கைபேசிக்குத் தோன்றுகிறது. குரலை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் கைபேசி அனுப்பும். நெக்பேண்ட் அவருடைய சட்டைப்பையில் அணைக்கப்படாமல் இருந்தாலோ, வாசலில் நிற்கும் காரில் யாராவது சாவியைத் திருப்பினாலோ கைபேசி தானாகவே அதனோடு இணைந்து, குரல் முழுவதும் அங்கே போய்விடும். அழைப்பு நடக்கும்போது கைபேசித் திரையில் ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தொட்டுப் பாருங்கள். குரல் எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்ற பட்டியல் வரும், அதில் உங்கள் கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் உடனே ஹெட்செட்டில் கேட்கத் தொடங்கும். நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமானால், கைபேசியின் புளூடூத் பட்டியலில் நெக்பேண்டுக்கும் காருக்கும் எதிரே அழைப்புக்கான அனுமதியை அணைத்துவிட்டுப் பாட்டுக்கான அனுமதியை மட்டும் விட்டுவையுங்கள்.

கணினியிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விண்டோஸின் ஒலி அமைப்பில் ஒலி வெளிவரும் சாதனம், மைக் ஆகிய இரண்டுக்கும் உங்கள் ஹெட்செட்டே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு புளூடூத் ஹெட்செட்டைக் கணினியோடு இணைப்பதைவிட, கம்பி வைத்த யூஎஸ்பி ஹெட்செட் நல்லது. ஒரே அடாப்டர் கைபேசியின் குரலையும் ஹெட்செட்டின் குரலையும் சேர்த்துச் சுமக்கும்போது குரல் விட்டுவிட்டு வருவதை எங்கள் அலுவலகத்திலேயே கேட்டிருக்கிறேன்.

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

நெக்பேண்ட்தான் காரணம். மாமனார் களத்தில் லோடு ஏற்றுவதைப் பார்க்கப் போகும்போது அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போகிறார். நான் இங்கே பேச முயன்றபோதெல்லாம் ஓட்டுநரின் குரல் அங்கே அவர் காதில் ஒலித்திருக்கிறது. அழைப்பு அனுமதியை அணைத்த பின் தெளிவாகக் கேட்கிறது.

சென்னிமலை ஜமக்காளம்

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் வழி உண்டு என்பதால் எழுதுகிறேன். எங்கள் படுக்கைவிரிப்பு, ஜமக்காளக் கடையில் பழைய கணினி ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு ஓட்டுகிறோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தபோது, புதுக் கணினி வாங்க மனமில்லாமல் இதற்கு மாறினோம். இதில் கேடிஇ கனெக்ட் என்ற இலவச மென்பொருளைக் கணினியிலும் கைபேசியிலும் நிறுவினால், குறுஞ்செய்தியைக் கணினியிலிருந்தே அனுப்பலாம், பெறலாம். அழைப்பு வந்தால் யார் அழைக்கிறார்கள் என்பது திரையில் தெரியும். கணினியில் நகலெடுத்த எழுத்தைக் கைபேசிக்கு அனுப்பவும் முடியும். எதுவும் வெளி நிறுவனத்தின் கணினி வழியாகப் போவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். கடைக்குள் இருக்கும் வைஃபையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதனாலேயே இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். தீயரண் (ஃபயர்வால்) போட்டிருந்தால் 1714 முதல் 1764 வரையுள்ள துறைகளை (போர்ட்) திறந்துவிட வேண்டும். பேச்சின் குரல் மட்டும் இதில் கணினிக்கு வராது. எங்களுக்குச் செய்திதான் முக்கியம் என்பதால் அது குறையாகத் தெரியவில்லை.

பீளமேடு தொலைத்தொடர்பு

தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

கணினியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவது புதுமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். உலகின் முதல் குறுஞ்செய்தியே கணினியிலிருந்துதான் அனுப்பப்பட்டது. 1992 டிசம்பர் 3ஆம் தேதி, இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், வோடஃபோன் வலையமைப்பின் வழியே கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றைத் தம் கணினியில் தட்டச்சு செய்து ஒரு கைபேசிக்கு அனுப்பினார். அன்றைய கைபேசியில் செய்தியைப் படிக்க முடிந்ததே தவிர எழுதி அனுப்ப வசதி இல்லை.

கைபேசியே இல்லாமல் கணினி மட்டுமே சாதாரண எண்களை அழைக்கும் முறைகளைப் பற்றி இந்த இழையைப் படிக்கும் பலருக்கும் கேள்வி இருக்கும். அவற்றைப் பற்றிச் சொல்லும்போது, சங்ககிரி அம்மா தலைப்பிலேயே எழுப்பிய கேள்வியைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்: எதிரே இருப்பவருக்கு எந்த எண் தெரிகிறது? 2003இல் வந்த ஸ்கைப் வழியாக இந்தியாவுக்குள் கைபேசிகளையும் தரைவழி எண்களையும் அழைக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2014 நவம்பர் 10 முதல் அந்நிறுவனம் உள்நாட்டு அழைப்பை நிறுத்தியது. 2025 மே 5ஆம் தேதி ஸ்கைப்பே மூடப்பட்டது. இணையத்தில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் கூகுள் வாய்ஸ் அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய சேவை. நம் ஊர் எண் அதில் கிடைக்காது. இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையத் தொலைபேசி வழங்கலாம் என்று உரிம விதிகள் 2018இல் திருத்தப்பட்டன. அதே ஆண்டில் பிஎஸ்என்எல் விங்ஸ் என்ற சேவையை அறிவித்தது. சிம் இல்லாமலேயே செயலி வழியாகப் பேசலாம், ஆனால் அதற்கென்று புதிதாகப் பத்து இலக்க எண் ஒன்று வாங்க வேண்டும். கால் சென்டர் போல வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கிளவுட் டெலிபோனி சேவைகள் இருக்கின்றன. கணினியில் அழுத்தியதும் அவர்களுடைய அமைப்பு முதலில் உங்களை அழைத்து, பிறகு வாடிக்கையாளரை அழைத்து, இருவரையும் இணைத்துவிடும். வாடிக்கையாளருக்குத் தெரிவது அந்த நிறுவனம் ஒதுக்கிய எண். வண்டியின் பின்னால் எழுதிய எண் அல்ல.

தரைவழித் தொலைபேசி வைத்திருக்கும் அலுவலகத்துக்கு மட்டும் நான் மனமாரப் பரிந்துரைக்கும் ஒரு வழி உண்டு. எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சிறிய பெட்டியில் தொலைபேசிக் கம்பியைச் செருகி, அதை அலுவலக வலையமைப்போடு இணைத்து, ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவினால், ஒவ்வொரு மேசையிலும் உள்ள கணினி ஒரு தொலைபேசியாகிவிடும். ஆஸ்டெரிஸ்க்கை மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கினார். காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ஓர் அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும் என்பதால் சாதாரண வலையமைப்பே தாங்கும். வெளியே தெரிவது உங்கள் தரைவழி எண்ணே. கோவையில் பம்பு செட் உற்பத்தியாளர்கள் போன்று பழைய தரைவழி எண்ணை அடையாளமாக வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

சிம் கார்டுகளைப் பெட்டியில் போட்டு, இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தரும் கருவிகளை விற்க யாராவது வந்தால் அருகில் சேர்க்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். மாத வாடகை தருகிறோம், இடம் மட்டும் கொடுங்கள் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

ராசிபுரம் கோழிப்பண்ணை

எனக்கும் இதையொட்டி ஒரு கேள்வி. நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கப்படும் முட்டை விலையை எங்களிடம் எடுக்கும் கடைக்காரர்கள் அனைவருக்கும் நாள்தோறும் அனுப்புகிறோம். கணினியிலிருந்து ஒட்டி அனுப்புவது இவ்வளவு எளிதென்றால், ஒரே செய்தியை நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே வழியில் அனுப்பிவிடலாமா?

பீளமேடு தொலைத்தொடர்பு

வேண்டாம் ஐயா. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தொழில் எண்ணையே இழக்கும் அபாயம் இதில் இருக்கிறது.

வணிகச் செய்திகளுக்கென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் விதிமுறை வகுத்தது. அதன்படி மொத்தமாகச் செய்தி அனுப்பும் நிறுவனம் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் தன்னையும், செய்தியின் தலைப்பில் தெரியும் பெயரையும், செய்தியின் வாசக வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும். வங்கியிலிருந்து வரும் செய்திகளில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள் தெரிவது அந்தப் பதிவினால்தான். பதிவின்றிச் சாதாரணச் சிம்மிலிருந்து வணிகச் செய்தி அனுப்புபவர் மீது 2025 பிப்ரவரியில் விதிகள் இறுக்கப்பட்டன. பத்து நாளில் ஐந்து பேர் 1909 வழியாகப் புகார் செய்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் முறை 15 நாள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தப்படும். மீண்டும் நடந்தால் ஓராண்டுக்கு இணைப்புகளே துண்டிக்கப்படும். உங்கள் கடைக்காரர்கள் புகார் செய்யமாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் எண் கைமாறி, உங்களைத் தெரியாத ஒருவரிடம் போயிருக்கலாம் அல்லவா? அதோடு, பெரும்பாலான மாத ரீசார்ஜ்களில் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திதான் அடங்கும்.

லாரி அலுவலகம் ஒரு வண்டியின் விவரத்தை அந்த வண்டியின் ஓட்டுநருக்கு அனுப்புவது தனிப்பட்ட தகவல் பரிமாற்றம். அதற்கு இந்த அச்சம் வேண்டாம். விலை அறிவிப்பைப் பொறுத்தவரை, பதிவு செய்துகொண்டு முறைப்படி அனுப்புங்கள்.

கோபி தமிழாசிரியை

கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் பலரும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கத்தை விட்டுத் தமிழிலேயே எழுதத் தொடங்குகிறார்கள். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. சில வாரப் பயிற்சியில் கை பழகிவிடும். ஆனால் குறுஞ்செய்தியின் நீளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு எழுதினால் வீண் செலவு இராது.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தானால் அதில் 160 அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று வந்துவிட்டாலும் செய்தி முழுவதும் வேறு குறிமுறைக்கு மாறி, 70 குறிகள் மட்டுமே அடங்கும். அதிலும் நாம் ஓர் எழுத்தென்று எண்ணுவதைக் கணினி அப்படி எண்ணுவதில்லை. புள்ளியும், காலும், கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே கணக்கில் சேரும். திருச்செங்கோடு என்பது நமக்கு ஏழெழுத்து. குறுஞ்செய்திக் கணக்கில் 14. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். துண்டுகளைக் கோப்பதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே அடங்கும். படிப்பவரின் கைபேசியில் ஒரே செய்தியாகச் சேர்ந்துவிடும் என்றாலும், உங்கள் கணக்கில் இரண்டு மூன்றாகக் கழியும். கூகுள் மெசேஜஸில் நீளம் மிகும்போது எண்ணிக்கை தெரியும்; அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநருக்கு அனுப்பும் செய்தியில், அவர் புரிந்துகொள்ள வேண்டிய பகுதியைத் தமிழில் எழுதி ஒரு செய்தியாகவும், எண்களை மட்டும் இன்னொரு செய்தியாகவும் அனுப்பலாம். சோதனையில் காட்ட வேண்டியது எண்கள் கொண்ட செய்தி மட்டும்தான் என்பதால் அவருக்கும் தேட எளிதாக இருக்கும்.

கரூர் ஹோம் டெக்ஸ்டைல்ஸ்

வசதிகளைப் பற்றி எல்லோரும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். இணைத்த கணினியில் உங்கள் குறுஞ்செய்திகள் அனைத்தும் தெரியும். வங்கி அனுப்பும் ஓடிபியும் அதில் அடக்கம். இ-வே பில் தளத்தில் நுழையவே 2025 ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் ஓடிபி கட்டாயமாகிவிட்ட நிலையில், அந்த எண் அதே திரையில் வந்து விழுவது வேலைக்கு வசதிதான். ஆனால் கிளார்க்கும், லோடுமேனும், பார்சல் கொடுக்க வருபவரும் நின்று பார்க்கக்கூடிய மேசையில் அந்தக் கணினி இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் நிறுவனத்தில், வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மை வேறு கைபேசிக்கு மாற்றிவிட்டு, வாடிக்கையாளர்களோடு பேசும் சிம்மை மட்டுமே கணினியோடு இணைத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே கைபேசியில் வைத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கணினித் திரைக்கு வரும்போது இரண்டு சிம்மின் செய்திகளும் ஒன்றாகவே வருகின்றன.

மேசையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கம் அனைவருக்கும் வேண்டும். வேலையை விட்டு யாராவது போனால், அன்றே கைபேசிச் செயலியில் இணைந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து, தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பின் பட்டியலையும் அப்படியே பாருங்கள். கணினி வழி வாட்ஸ்அப் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் ஆணையிட்டதற்கும் இணைய மோசடிகளே காரணம்.

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

கரூர்க்காரர் சொன்னதை மாமனாரிடம் படித்துக் காட்டினேன், அவரும் ஒப்புக்கொண்டார். வங்கிச் சிம்மை அவருடைய சொந்தக் கைபேசிக்கு மாற்றிவிட்டோம். தொழில் எண் இருக்கும் கைபேசி இனி அலுவலக மேசையிலேயே சார்ஜரோடு இருக்கும்.

இதில் மிஞ்சுவது ஒன்றுதான். கைபேசியைக் களத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் புளூடூத் எட்டாது, கணினியில் பேச முடியாது. செய்தி மட்டும் போகும். ஆகவே கைபேசியை இங்கேயே வைப்பது எனக்கு நல்லது. ஆனால் இரவு அலுவலகம் பூட்டிய பின் ஓட்டுநர் அழைத்தால் மாமனாருக்குத் தெரிய வேண்டும். வண்டி பழுதாகி நடுவழியில் நிற்பவர் காலை வரை காத்திருக்கக் கூடாது.

பீளமேடு தொலைத்தொடர்பு

அழைப்பைத் திருப்பும் வசதி அதற்காகவே இருக்கிறது அம்மா. தொழில் கைபேசியில், அழைப்புச் செயலியின் அமைப்புக்குள் அழைப்பைத் திருப்பும் பகுதி இருக்கும். எப்போதும் திருப்புவது, எண் வேறு அழைப்பில் இருந்தால் திருப்புவது, எடுக்காவிட்டால் திருப்புவது, தொடர்பு கிடைக்காவிட்டால் திருப்புவது என்று நான்கு நிலைகள் அதில் தெரியும். முதலாவதைத் தொடாமல், பின்னிரண்டுக்கும் உங்கள் மாமனாரின் சொந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பகலில் நீங்கள் கணினியில் எடுப்பீர்கள். இரவில் மணியடித்து யாரும் எடுக்காவிட்டால் அவருக்குப் போகும். மின்சாரமில்லாமல் கைபேசி அணைந்துவிட்டாலும் அவருக்கே போகும். திருப்பப்படும் அழைப்புக்கு உங்கள் ரீசார்ஜிலிருந்தே நிமிடங்கள் கழியும். வரம்பற்ற அழைப்புத் திட்டமானால் கவலை இல்லை.

அமைப்பின் வழியாகவே இதைச் செய்யுங்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தி அழைப்பைத் திருப்பும் முறையை மோசடிக்காரர்கள் பயன்படுத்தியதால், 2024 ஏப்ரல் 15 முதல் அதை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கூரியர்க்காரர் என்றோ நிறுவனத்தார் என்றோ சொல்லி அப்படியோர் எண்ணை அழுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்பதை அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள். அவசர உதவிக்கு 112ஐ அழைக்க நேர்ந்தால் கணினியை நாட வேண்டாம், கைபேசியையே கையில் எடுத்துப் பேசுங்கள்.

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

இரண்டு நிலைகளையும் அமைத்துவிட்டேன் ஐயா. கைபேசியை அணைத்து வைத்துவிட்டு என் எண்ணிலிருந்து அழைத்துப் பார்த்தேன். மாமனாரின் கைபேசி அடித்தது. நாளை புனேக்கு இரண்டு லோடு கிளம்புகிறது, அந்த ஓட்டுநர்களிடமும் இரவில் ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.